வேனுக்கு முன்னால் போனவர்

எங்கள் பள்ளிக்கூடத்தில் புதன்கிழமைதோறும் பிள்ளைகள் போன பிறகு ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்பு நடக்கிறது. முதல் வாரம் நூலக அறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு வைத்திருந்தார்கள். ஜூடித் என்ற நரைத்த தலை அம்மாள் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு தரைவிரிப்பின் மேல் நடந்தபடி, முதலில் கண்ணை மூடி இரண்டு நிமிடம் மௌனமாக இருப்போம் என்றார். நான் சட்டென்று எழுந்து நின்றேன். கைகளை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு, தலை குனிந்து, கண்ணை மூடிக்கொண்டேன். ஓசூரில் அரசுப் பள்ளியில் படித்த யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள். இரண்டு நிமிட மௌனம் என்றால் யாரோ ஒரு பெரிய மனிதர் காலமாகிவிட்டார், முடிந்ததும் பள்ளிக்கூடம் விட்டுவிடுவார்கள், அவ்வளவுதான் நமக்குத் தெரியும். செத்தது யார் என்று ஒருவரும் சொல்லவில்லையே என்று ஒரு கண்ணைத் திறந்து பார்த்தால், மொத்த வட்டமும் எழுந்து நிற்கிறது. இந்தியாவிலிருந்து வந்தவள் நிற்கிறாள், தியானத்துக்கு அதுதான் முறை போலிருக்கிறது என்று ஜூடித் சைகை காட்டி மற்றவர்களையும் எழுப்பிவிட்டிருக்கிறார். முடிந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். நானும் பரவாயில்லை என்று சொல்லிவைத்தேன். வேறு என்ன சொல்வது?

இது வட இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர். மழை பெய்யும், நிற்கும், மறுபடியும் பெய்யும். கணக்குச் சொல்லித்தர ஆள் கிடைக்காமல் இவர்கள் ஊர் ஊராகத் தேடியபோது ஒரு ஏஜென்சி மூலமாக நான் அகப்பட்டேன். அதற்கு முன்னால் ஓசூரில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் இருந்தேன். இங்கே வந்து பார்த்தால் ஆசிரியர்கள் எல்லோரும் ஏதோ நோயில் விழுந்து எழுந்தவர்கள் மாதிரி இருக்கிறார்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் குத்திக் காட்டிவிட்டுப் போனதில் இரண்டு பேர் அழுதுகொண்டே வேலையை விட்டார்கள். மிச்சம் இருப்பவர்களுக்கு மறுபடியும் உற்சாகம் வரவேண்டும் என்று தலைமையாசிரியர் ஜூடித்தை ஏற்பாடு செய்தார். இதற்குக் கோச்சிங் என்று பெயர். அதற்குள்ளேயே மைண்ட்ஃபுல்னெஸ் என்று ஒன்று. செய்கிற காரியத்தில் மனதை நிறுத்துவதாம். ஒரு உலர்திராட்சையைக் கையில் கொடுத்து, முகர்ந்து பார், உருட்டிப் பார், நாக்கில் வைத்துக் காத்திரு என்றார்கள். எல்லோரும் காத்திருந்தார்கள். நான் எப்போதோ விழுங்கிவிட்டேன். நம் ஊரில் புத்தாக்கப் பயிற்சி என்று கிருஷ்ணகிரிக்குக் கூப்பிடுவார்கள். டீ, போண்டா, மதியம் ஒரு தூக்கம், கையெழுத்து, கடைசி பஸ். வாத்தியாருக்கு மனசு எப்படி இருக்கிறது என்று அங்கே யாரும் கேட்டதில்லை. மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறதே, அப்புறம் என்ன மனசு என்றுதான் நம் ஊரில் நினைப்பார்கள்.

ஜூடித் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகவும் பேசுவார். என் முறை வந்தபோது, நீ ஏன் டீச்சர் ஆனாய் என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் எங்கள் அப்பா சொன்னார், ஆனேன். பெண் பிள்ளைக்கு அதுதான் பாந்தமான வேலை என்று அவருடைய கம்பெனி நண்பர்கள் எல்லோரும் சொன்னார்களாம். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த அம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எதையாவது சொல்லியாக வேண்டுமே என்று என் வீட்டுக்காரர் ஏன் ஆசிரியர் ஆனார் என்பதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல ஜூடித்தின் கண் கலங்கியது. எனக்கும்தான்.

அவர் பெயர் முனிரத்தினம். உத்தனப்பள்ளிக்குப் பக்கத்தில், தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பம். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று வளர்ந்தவர். அவருடைய அக்கா அவரைவிடக் கெட்டிக்காரி. ஆனால் படிக்கவில்லை. தம்பி பள்ளிக்குப் போகும்போது அவள் களை பிடுங்கப் போனாள். கல்யாணமான புதிதில் நான் இதே கேள்வியை அவரிடம் கேட்டிருக்கிறேன். "எங்கக்காவ வூட்டுக்கு வந்து கூப்பிட ஒரு வாத்தியாரும் வரல கீதா" என்றார்.

அதனால் அவர் வீடு வீடாகப் போவார். ஜூன் மாதம் பிள்ளை சேர்க்க எல்லா ஆசிரியர்களும்தான் ஊருக்குள் போவார்கள். இவர் வருஷம் முழுக்கப் போனார். எண்பதுகளிலிருந்தே ஓசூரைச் சுற்றிக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. நிலத்தில் வேலை இல்லாதவர்களுக்கு அது பெரிய வரம், அதை நான் இல்லையென்று சொல்லமாட்டேன். காலையில் கம்பெனி வேன் கிராமத்துக்கு வந்து வேப்பமரத் திருப்பத்தில் நின்று ஹாரன் அடிக்கும். அப்பாவும் அம்மாவும் ஏறுவார்கள், கூடவே பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளையும் ஏதாவது ஒரு கொட்டகையில் பேக்கிங் வேலைக்கு என்று ஏற்றிவிடுவார்கள். வேனில் ஏறிய பிள்ளை திரும்பி வராது என்பார் இவர். ஆகவே அந்த ஹாரனுக்கு முன்னால் தெருவுக்குள் சைக்கிள் போய்விடவேண்டும். நான் அடுப்புப் பற்றவைக்கும்போதே கிளம்பிவிடுவார். பாரில் ஒன்று, கேரியரில் இரண்டு, பின்னால் நடந்து நாலைந்து என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்ச் சேருவார். வேன் டிரைவருக்கே அது பழகிவிட்டது. வாத்தியார் வந்துட்டுப் போயாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் பிள்ளைகள் கணக்கைப் போடுவாராம்.

சாக்கம்மா என்று ஒரு பெண். அவள் மூத்த மகள் மஞ்சுளாவுக்காக இவர் வாங்காத வசவில்லை. தெலுங்கில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பாள். பிள்ளையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, ஊருக்குப் போயிருக்கிறாள் என்பாள். இவர் வாசலில் சைக்கிளைச் சாய்த்து உட்கார்ந்து, மெதுவாக ஏழாம் வாய்ப்பாடு சொல்ல ஆரம்பிப்பார். வேண்டுமென்றே தப்பாகச் சொல்வார். உள்ளேயிருந்து மஞ்சுளா பொறுக்கமாட்டாமல் சரியான விடையைக் கத்துவாள். சாக்கம்மாவுக்குக் கோபத்தோடு சிரிப்பும் வந்துவிடும், கதவு திறந்துவிடும். மஞ்சுளா எட்டாவது வரை படித்தாள். அந்தத் தெருவில் அதுவரை படித்த முதல் பெண் அவள்தான்.

இந்த மனிதரைத்தான் நான் இங்கே கூட்டிக்கொண்டு வந்தேன். ஊதியமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, எனக்காகவும் எங்கள் மகள் ரம்யாவுக்காகவும் வந்தார். அவர் தமிழ்வழியில் படித்து வாங்கிய ஆசிரியர் பயிற்சியை இங்கே யாரும் பொருட்டாக மதிக்கவில்லை. முதல் சில மாதம் வீட்டில் ரம்யாவுக்கே பாடம் நடத்திக்கொண்டிருந்தார். காலையில் பாடம், மாலையில் பாடம். ஒரு நாள் அந்தப் பிள்ளை குளியலறையில் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, போதும் டாடி என்று ஆங்கிலத்தில் அழுதது. அதன் பிறகு அவர் சொல்லித்தரவில்லை. ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து, தெருவில் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். எல்லாப் பிள்ளையும் தானாகப் போகிறது, ஒருத்தரும் கூப்பிட வரவேண்டியதில்லை, என்ன தேசம் இது என்று வியப்பார். வெறுமனே உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று கடைக்கார குஜராத்தி ஒருவர் ரொட்டி ஃபேக்டரியில் சேர்த்துவிட்டார்.

மதிய ஷிஃப்ட். தெருமுனைக்கு ஃபேக்டரி வேன் வரும். ஒரு நாள் நான் பள்ளியிலிருந்து சீக்கிரம் திரும்பியபோது, மழையில் சாப்பாட்டுப் பையைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு, வேன் வருகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். "பாத்தியா கீதா, இங்க வேன் கரெக்டா வந்து என்னப் புடிச்சிடுது" என்றார். வேன் வந்தது. அவர் ஏறிக்கொண்டார். நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இதை அவரிடம் இதுவரை சொன்னதில்லை.

இதில் பாதியை ஜூடித்திடம் சொன்னேன், ரொட்டி ஃபேக்டரியைச் சொல்லவில்லை. அடுத்த வாரமே, உன் கணவரைக் கூட்டி வா, எங்கள் ஆசிரியர்களிடம் பேசட்டும் என்றார். வீட்டில் அவரிடம் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. ஷிஃப்டை வேறு ஒருவரோடு மாற்றிக்கொண்டார். முழுக்கைச் சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டார். என்னைவிட முன்னால் நடந்தார்.

பேசுவதற்கு முன்னால் போர்டைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு படம் போட்டார். இது தெரு, இது கிணறு, இது வேன் நிற்கிற இடம், இது பள்ளிக்கூடம். அவருடைய ஆங்கிலம் சுமார்தான், ஆனால் வகுப்பு நடத்துகிறவர் குரல் அது, கடைசி வரிசை வரை போயிற்று. பல வருஷம் கழித்து அந்தக் குரலைக் கேட்டேன். வரலாறு சொல்லித்தருகிற ஆலன் கையை உயர்த்தி, அழைப்பில்லாமல் அடுத்தவர் வீட்டுக்குப் போக உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தார்கள் என்று கேட்டார். இங்கே அது முறையில்லாத காரியம், அவர் கேட்டதில் தப்பில்லை. இவர் அந்தக் கேள்வியை யோசித்துவிட்டு, அனுமதி வாங்கப் போனால் அதற்குள் வேன் வந்துவிடுமே என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமல் இவரும் கூடச் சிரித்தார். கடைசியில் ஜூடித் வழக்கம்போல, கண்ணை மூடிக்கொள்ளுங்கள், மூச்சைக் கவனியுங்கள், உங்களுக்காகக் காத்திருக்கிற ஒரு பிள்ளையின் முகத்தை நினையுங்கள் என்றார். மூடினோம். ஜூடித் கைமணியை அடித்ததும் எல்லோரும் கண்ணைத் திறந்து, கோட்டை மாட்டிக்கொண்டு, கார்ச் சாவியைத் தேடினார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் கண்ணைத் திறக்கவில்லை. நான் தோளைத் தொட்டுத்தான் எழுப்பினேன். கன்னம் நனைந்திருந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது சொன்னார். "ஜூன்ல போய்ச் சேந்துடறன் கீதா. லீவு முடியப் போவுது. இந்தத் தடவ சேரலன்னா வேல போயிடும்." எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்த அம்மாள் கண்ணை மூடச் சொன்னால் மூடிவிட்டு எழுந்து வருவதை விட்டு, இப்படியா நம்பித் தொலைப்பது என்று கத்தினேன். எங்களுக்குத்தான் அந்தக் கோச்சிங், எங்களில் ஒருத்தருக்கும் ஒரு உற்சாகமும் வரவில்லை, ரொட்டி ஃபேக்டரி ஆளுக்கு வந்துவிட்டது. நீயும் வா என்றார். ரம்யாவுக்குத் தமிழ் எழுத்து மறந்தே போயிற்று, அவள் எப்படி வருவாள் என்றேன். அது ஒரு சாக்கு. எனக்கே போக மனமில்லை. இங்கே என் வகுப்பில் நிர்வாகி வந்து பிள்ளைகள் முன்னால் என்னைத் திட்டுவதில்லை. என் பெயரில் ஒரு வீட்டுச் சாவி இருக்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு மறுபடியும் ஓசூர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போக என்னால் முடியாது. அவர் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயப்படுத்தியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

விமான நிலையத்தில் ரம்யாவிடம், அப்பா ஸ்கூலுக்குப் போறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் சாயங்காலம் வந்துவிடுவார் என்று நினைத்தாளோ என்னவோ, அழாமல் கையை ஆட்டினாள்.

ஊரில் பள்ளி திறந்த முதல் வாரத்தின் சனிக்கிழமை, எங்களுக்குக் காலை நேரம், உத்தனப்பள்ளி எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினார். குரலைக் கேட்டதுமே எனக்கு ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. பழைய சைக்கிளைத் துடைத்து எண்ணெய் விட்டு முதல் நாளே கிளம்பியிருக்கிறார். இப்போது மூன்று வேன் வருகிறதாம். ரோஜா வளர்க்கிற பூக் கம்பெனிக்குத் தனி வேன். சாக்கம்மாவின் கடைசி மகள் லதா ஆறாவது சேரவேண்டும், அவளைப் பூ பறிக்க அனுப்பப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு அங்கே போயிருக்கிறார். சாக்கம்மாவுக்கு இவரைப் பார்த்ததும் அப்படி ஒரு சந்தோஷம். உட்கார வைத்துக் களி போட்டுக் கொடுத்திருக்கிறாள். இத்தனை வருஷம் எங்கே போனீர்கள், அங்கே என்ன வேலை என்று கேட்டிருக்கிறாள். வேறு யாராக இருந்தாலும், அங்கேயும் வாத்தியார்தான் என்று சொல்லியிருப்பார்கள். இவர் ரொட்டி ஃபேக்டரி என்று சொல்லியிருக்கிறார்.

"அப்பறம் லதாவ ஸ்கூலுக்கு அனுப்பும்மான்னன். அவ ஒண்ணும் கோவமா பேசல கீதா. நல்லாத்தான் பேசுனா." அவள் கேட்டதை அப்படியே சொன்னார். "சார், இவ்ளோ படிச்ச நீங்களே கடல் தாண்டி கம்பெனிக்குத்தான போனீங்க. எம்பொண்ணு இங்க பக்கத்துல இருக்கற கம்பெனிக்குப் போனா மட்டும் ஏன் சார் ஆவாதுன்றீங்க, அப்படின்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கு ஒண்ணும் வரல. வேன் வந்துச்சி. லதா எனக்கு டாட்டா காட்டிட்டு ஏறிப் போயிட்டா."

பூத்துக்கு வெளியே ஏதோ லாரி போகிற சத்தம் கேட்டது. பிறகு, "நான் அங்கயே திரும்பி வந்துடட்டுமா கீதா?" என்றார்.

உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. அவர் போன நாளிலிருந்து நான் அந்த ஒரு கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். வாங்க என்ற சொல் வாய் வரை வந்துவிட்டது. ரம்யா என் பக்கத்தில் நின்று, டாடியா, டாடியா என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். பதில் சொல்லுமுன் மூன்று மூச்சு விடு என்று ஜூடித் சொல்லுவார். விட்டேன். அவர் இங்கே வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மழையில், தெருமுனையில், சாப்பாட்டுப் பையோடு நிற்பார். அப்புறம் சாகிற வரைக்கும், சாக்கம்மா கேட்டதற்குத் தன்னிடம் பதில் இல்லை என்பதை நினைத்துக்கொண்டே நிற்பார். எனக்கு வீட்டுக்காரர் கிடைப்பார். அந்த வாத்தியார் இருக்கமாட்டார்.

"திங்கக்கெழம மறுபடியும் அவ வீட்டுக்குப் போங்க" என்றேன். "இங்க வேன்ல ஏறி எறங்குனவரு நீங்க. அது எப்படி இருந்துதுன்னு எங்கிட்டகூட நீங்க சொன்னதில்ல. அவகிட்டச் சொல்லுங்க."

"நீ தனியா இருப்பியே" என்றார். இருப்பேன் என்றேன். எப்படி இருப்பேன் என்று அவர் கேட்கவில்லை, நல்லவேளை. ரம்யாவிடம் ரிசீவரைக் கொடுத்துவிட்டுச் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

திங்கட்கிழமை நான் என் வகுப்பைத் திறக்கும்போது உத்தனப்பள்ளியில் மதியச் சாப்பாடு முடிந்து மணி அடித்திருக்கும். காலையில் நடக்கவேண்டியது அங்கே எப்போதோ நடந்து முடிந்துவிட்டது. லதா வேனில் ஏறினாளா, சைக்கிளில் ஏறினாளா என்பது அந்தத் தெரு முழுவதற்கும் தெரியும், எனக்குத் தெரியாது. அடுத்த சனிக்கிழமை வரை தெரியாது. இங்கே பிள்ளைகள் ஈரக் கோட்டோடு ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். பெயர் கூப்பிட்டேன். எஸ் மிஸ், எஸ் மிஸ் என்று எல்லோரும் குரல் கொடுத்தார்கள், விடுபட்டவர் ஒருவரும் இல்லை. கதவைச் சாத்திவிட்டுப் பாடத்தை ஆரம்பிக்கவேண்டியதுதான். கதவின் பிடியில் கை வைத்தபடி வெளியே நீண்டு கிடந்த காலி நடைகூடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மிஸ், எல்லாரும் வந்துட்டோம் என்று பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னாள். எனக்குச் சாத்தக் கை வரவில்லை.